‘எல்லாரும்’ என்றால் எத்தனை பேர்?

மாலை நான்கரை மணி. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் போகும் மாநகரப் பேருந்து. கூட்டம் இருந்தது, ஆனால் மூச்சுமுட்டும் கூட்டம் இல்லை. நடுவில் தாராளமாக நிற்க இடமிருந்தது. படிக்கட்டில் மட்டும் ஏழெட்டுக் கல்லூரிப் பையன்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்து ஒற்றைக் காலில் தொங்குவதும், சிக்னலில் வண்டி மெதுவாகும்போது குதித்துக் கூடவே ஓடி, வேகமெடுத்ததும் மறுபடி தாவி ஏறுவதுமாக வந்தார்கள். பேருந்தின் தகரத்தில் தாளம் போட்டுக் கானா. நடத்துநர் இரண்டு முறை விசில் ஊதினார். “உள்ள வாங்கப்பா” என்றார். பிறகு டிக்கெட் கிழிக்கப் போய்விட்டார்.

கோயம்பேட்டில் எல்லோரும் இறங்கிவிட, ஒருவன் மட்டும் மிச்சம். அதுவரை எல்லோரையும்விட அதிகமாக வெளியே சாய்ந்து, நுனிக்காலில் தொங்கிக்கொண்டு வந்தவன் அவன்தான். பேருந்து கிளம்பியது. அவன் இரண்டு படி ஏறி உள்ளே வந்தான். காலியான ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தான். கம்பியைப் பிடித்துப் பிடித்துச் சிவந்துபோன உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மதுரவாயலில் ஒரு பாட்டி ஏறியதும் எழுந்து இடம் கொடுத்தான்.

வெளியே தொங்கச் சொல்லி அவனை யாரும் மிரட்டவில்லை. உள்ளே வந்து உட்காரச் சொல்லியும் யாரும் கெஞ்சவில்லை. பார்க்கிற கண்கள் இறங்கிப் போயின. அவ்வளவுதான் நடந்தது.

இதைச் ‘சக வயதினர் அழுத்தம்’ என்று தமிழில் சொல்கிறோம். அந்த ‘அழுத்தம்’ என்ற சொல்லில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. யாரோ முரட்டுப் பையன் ஒருவன் பிடரியில் கைவைத்துத் தள்ளுவதுபோன்ற ஒரு சித்திரத்தை அது கொண்டுவந்துவிடுகிறது. பெற்றோர் மனத்தில் இருப்பதும் அந்தச் சித்திரமே. “எங்க பையன் தங்கமான பையன் சார், சேர்க்கைதான் சரியில்ல.” பள்ளிக்கு அழைக்கப்படும் எல்லாப் பெற்றோரும் இதைத்தான் சொல்கிறார்கள். அப்படியானால் அந்தச் சரியில்லாத சேர்க்கை யார் வீட்டுப் பிள்ளை?

உண்மையில் தள்ளுகிறவர் பெரும்பாலும் இருப்பதில்லை. இதை முதலில் துல்லியமாக அளந்து காட்டியவர்களில் ஒருவர் சாலமன் ஆஷ். வார்சாவில் 1907-ல் பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா சென்ற உளவியலாளர். 1950-களின் தொடக்கத்தில் அவர் செய்த சோதனை மிக எளியது. ஓர் அட்டையில் ஒரு கோடு. இன்னொன்றில் மூன்று கோடுகள். முதல் கோட்டின் நீளமே உள்ள கோடு அந்த மூன்றில் எது? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். தனியாக உட்காரவைத்துக் கேட்டபோது கல்லூரி மாணவர்கள் தவறியது நூற்றில் ஒரு தடவைகூட இல்லை. பிறகு ஒரு மாணவனைக் குழுவோடு உட்காரவைத்தார்; ஆனால் அறையில் உள்ள மற்றவர்கள் எல்லோரும் ஆஷின் ஆட்கள். முன்கூட்டியே பேசிவைத்தபடி அவர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தப்பான கோட்டைச் சொல்வார்கள். கடைசியில் அந்த மாணவனின் முறை வரும். அப்படிக் கேட்டபோது மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான பதில்கள் தப்பாக வந்தன. ஒரு முறையாவது கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகச் சொன்னவர்கள் நான்கில் மூன்று பேர்.

இது பலரும் கேள்விப்பட்ட கதை. அதிகம் பேசப்படாத பகுதி அடுத்து வருகிறது. எதிரே எத்தனை பேர் இருந்தால் ஒருவன் மசிவான் என்றும் ஆஷ் பார்த்தார். ஒரே ஒருவர் மாற்றிச் சொன்னால் ஏறக்குறைய ஒரு விளைவும் இல்லை. இருவர் சொன்னால் நூற்றில் 14 பதில்கள் தடுமாறின. மூவர் சொன்னதும் அது 32-க்குத் தாவியது. அதற்குமேல் ஆட்களைக் கூட்டிக்கொண்டே போனாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆக, ஒரு மனிதனைத் தன் கண்ணையே நம்பவிடாமல் செய்ய ஊர் திரள வேண்டியதில்லை. மூன்று பேர் போதும். ‘நாலு பேர் என்ன சொல்லுவாங்க’ என்று நம்மவர்கள் சொல்லிவைத்தது ஆய்வுக்கூடம் வைத்தா? எண்ணிக்கையில் ஒன்றுதான் கூடுதல்.

இன்னொரு மாற்றமும் செய்தார். கூட்டத்தில் ஒரே ஒருவரை மட்டும் சரியான பதிலைச் சொல்லவைத்தார். உடனே தப்பான பதில்கள் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன. அந்த ஒருவர் பாதியில் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டதும் பழையபடி ஏறிக்கொண்டன.

என் சொந்தக் கதை ஒன்று உண்டு. எங்கள் ஊர்க் கிணற்று மேட்டில் ஒரு மோட்டார் கொட்டாய். கோடை விடுமுறையில் அதன் தளத்தில் ஏறிக் கிணற்றுக்குள் குதிப்பதுதான் எட்டாவது, ஒன்பதாவது பையன்களுக்குப் பரீட்சை. லாரி ட்யூபைப் பிடித்துக்கொண்டு நீந்தக் கற்ற பயல்கள் நாங்கள். தளத்தில் நின்று பார்த்தால் தண்ணீர் உள்ளங்கை அகலத்துக்குத் தெரியும். கொஞ்சம் தப்பினால் படிக்கல்லில் மண்டை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. இரண்டு பக்கமும் இருவர் நின்றார்கள், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. குதித்தேன். மேலே வந்து மூச்சு வாங்கியபோது அடுத்தவன் குதித்தான், பிறகு மூன்றாமவன். முப்பது வருஷம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த அந்த இரண்டாமவன், ரசத்துக்குக் காத்திருந்த நேரத்தில் சொன்னான்: “அன்னிக்கு நீ ‘வேணாம்டா’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் எறங்கி ஓடியே போயிருப்பேன். நீ குதிச்சுத் தொலைச்சிட்ட.” மூன்றாமவனைப் போனில் பிடித்தோம். அவனும் அதையேதான் சொன்னான். மூன்று பேருக்கும் இஷ்டமில்லாத ஒன்றை மூன்று பேரும் சேர்ந்து செய்திருக்கிறோம். யாருடைய விருப்பத்துக்காக என்று இன்றுவரை தெரியவில்லை.

கிணற்று மேட்டில் நடந்ததைப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டெபோரா பிரென்டிஸ், டேல் மில்லர் என்ற இரு உளவியலாளர்கள் 1993-ல் வெளியிட்ட ஆய்வில் விளக்கியிருந்தார்கள். வளாகத்தில் நடக்கும் குடிக் கொண்டாட்டங்கள் பற்றி மாணவர்களிடம் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். இதில் உனக்கு எவ்வளவு சம்மதம்? மற்றவர்களுக்கு எவ்வளவு சம்மதம் என்று நினைக்கிறாய்? பதில்களைப் பார்த்தால், தனக்கு இருக்கும் தயக்கம் மற்றவர்களுக்கு இல்லை என்றே பெரும்பாலோர் நம்பியிருந்தார்கள். ஆனால் அந்த ‘மற்றவர்களும்’ அதே தாளில் தங்கள் தயக்கத்தைக் குறித்துக் கொடுத்திருந்தார்கள்! இன்னும் சங்கடமான ஒன்றும் தெரிந்தது. பருவம் முடிவதற்குள் ஆண் மாணவர்களின் சொந்த எண்ணமே, மற்றவர்களின் எண்ணம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்ததை நோக்கி நகர்ந்துவிட்டது. இல்லாத கூட்டத்துக்குப் பயந்து, கடைசியில் அந்தக் கூட்டமாகவே ஆகிவிடுவது.

பதின்ம வயதில் மட்டும் இது ஏன் இவ்வளவு மூர்க்கமாக இருக்கிறது? அறிவு குறைவு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. டெம்பிள் பல்கலைக்கழகத்தில் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், கணினியில் கார் ஓட்டும் ஒரு விளையாட்டைக் கொடுத்தார்கள். மஞ்சள் விளக்கு விழுந்தபிறகும் எவ்வளவு தூரம் துணிந்து ஓட்டுகிறார்கள் என்பது கணக்கு. தனியாக ஆடியபோது பதின்ம வயதினர் பெரியவர்களைப் போலவே பக்குவமாக ஆடினார்கள். பக்கத்தில் நண்பர்களை உட்காரவைத்ததும் அவர்கள் எடுத்த அபாயம் ஏறத்தாழ இரு மடங்கானது. 24 வயதைத் தாண்டியவர்களிடம் மாற்றமே இல்லை. 2011-ல் ஸ்டைன்பெர்க் குழுவினர் மூளையையும் படம் எடுத்துப் பார்த்தார்கள். நண்பர்கள் பக்கத்து அறையிலிருந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்தாலே போதும். பரிசு கிடைக்கும்போது கிளர்ந்தெழும் மூளைப் பகுதிகள் அந்த வயதில் கூடுதலாகத் துடித்தன. படிக்கட்டில் தொங்கிய அந்தப் பையனுக்கு ஆபத்து தெரியாமல் இல்லை. நண்பர்கள் பார்க்கும்போது அந்த ஆபத்துக்குள் ஓர் இனிப்பு வைக்கப்பட்டிருக்கிறது.

நான் பள்ளியில் படித்த காலத்தில் ‘பயந்தாங்கொள்ளி’ என்ற ஒரு வசவு போதுமாக இருந்தது. இன்றைக்கு ‘பழம்’, ‘படிப்ஸ்’, ‘அம்மா புள்ள’ என்று அகராதி பெருத்திருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் ஒரே சொல்தான்: கெத்து. கெத்தை யாரும் தானாக வைத்துக்கொள்ள முடியாது, பார்க்கிறவன்தான் தர வேண்டும். அந்தக் கொடுக்கல் வாங்கல் ஒரு நிறுவனமாகவே வளர்ந்த இடம் சென்னையின் ‘ரூட்டு’ப் பண்பாடு. கலைக் கல்லூரிகளுக்கு மாணவர்கள் வரும் ஒவ்வொரு பேருந்துத் தடத்துக்கும், புறநகர் ரயில் தடத்துக்கும் ஒரு குழு, குழுவுக்கு ஒரு ‘ரூட்டு தல’. முதலாண்டில் சேரும் பையன், திருத்தணிப் பக்கத்திலிருந்தோ கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்தோ வருகிறவன். வீட்டில் முதல்முதலாகக் கல்லூரிக்கு வந்தவனாக இருப்பான். வகுப்பில் அவன் பெயர் ஆசிரியருக்குத் தெரிய மாதக்கணக்காகும். ரூட்டில் முதல் நாளே தெரிந்துவிடும். அண்ணன்கள் தோளில் கைபோடுவார்கள். டீ வாங்கித் தருவார்கள். அவன் தடத்தின் பெயரைச் சொல்லிப் பாட்டு இருக்கும். கல்லூரி கொடுக்க மறந்ததை ரூட்டு கொடுக்கிறது. விலையைப் பின்னால்தான் கேட்கிறது.

அந்த விலை சில நேரம் பெரிது. 2012 டிசம்பரில் பழைய மகாபலிபுரம் சாலையில், பேருந்துப் படிக்கட்டில் பயணம் செய்த மாணவர்கள் நால்வர் இறந்தார்கள். 2019 ஜூனில், நீதிமன்றம் ஏற்கெனவே தடைவிதித்திருந்த ‘பஸ் டே’ கொண்டாட்டத்தில், பேருந்தின் கூரைமேல் உட்கார்ந்திருந்தவர்கள் பிரேக் பிடித்ததும் கொத்தாகச் சரிந்து முன்னால் விழுந்த காணொளியை நாடே பார்த்தது. மறுமாதம் அரும்பாக்கத்தில் பட்டப்பகலில் மாணவர்களை மாணவர்கள் கத்தியால் வெட்டினார்கள். 2024 அக்டோபரில், சென்ட்ரல் ரயில் நிலையப் பகுதியில் எதிர்க்கல்லூரி மாணவர்களால் தாக்கப்பட்ட ஒரு மாணவர் மருத்துவமனையில் உயிரிழந்தார். ஒவ்வொரு முறையும் காவல்துறை கைது செய்கிறது, எழுதி வாங்குகிறது. ஆனால் கைதானவர்களில் எத்தனை பேர் அன்று காலை மனமுவந்து கிளம்பினார்கள், எத்தனை பேர் ‘நீ வரலைன்னா எப்படி மச்சி’ என்ற பேச்சுக்காகக் கிளம்பினார்கள் என்று யாரும் கேட்டு வைப்பதில்லை. படிக்கட்டுப் பயணத்துக்குப் பேருந்துப் பற்றாக்குறையும் ஒரு காரணம். அதை மறைத்து மாணவர்மீது மட்டும் பழிபோடுவது அயோக்கியத்தனம். பேருந்துகளுக்குக் கதவு போடுகிறார்கள், நல்லது. கதவு காலைக் காப்பாற்றும். கத்தி பிடித்த கைக்கு அது போதாது.

தென்மாவட்டங்களுக்குப் போனால் இதே விஷயம் வேறு நிறத்தில் தெரியும். நிறம் என்று சொல்வது உவமைக்காக இல்லை. மணிக்கட்டில் கட்டும் கயிற்றின் நிறத்தை வைத்து இன்ன சாதிப் பையன் என்று பள்ளிக்கூடத்திலேயே அடையாளம் தெரிந்துவிடும். 2019-ல் பள்ளிக் கல்வித்துறை இதைத் தடுக்கச் சுற்றறிக்கை விட்டது, எதிர்ப்பு வந்ததும் அமைச்சரே பின்வாங்கினார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவரையும் அவர் தங்கையையும் உடன்படிக்கும் மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றுக்குத் தடைவிதிக்கப் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரையைக் கடுமையாக எதிர்த்தவர்களில் பள்ளி மாணவர்கள் இல்லை. வேட்டி கட்டிய பெரியவர்களே இருந்தார்கள். பத்து வயதுப் பையன் கயிறு கட்டுவது தெருவில் எல்லா அண்ணன்களும் கட்டியிருப்பதால். அண்ணன்களுக்கு யார் கட்டிவிட்டது?

இங்கேதான் நம் பேச்சு சற்றுக் கோணலாகிறது. கூட்டத்தின் கண்ணுக்கு ஆடுவதைப் பிள்ளைகளின் வியாதியாகவே எழுதிக்கொண்டிருக்கிறோம். கார் விளையாட்டில் பெரியவர்கள் அசையவில்லை என்பது சரி. கல்யாண மண்டபம் பேசும்போது அவர்களைப் பார்க்க வேண்டும். “நம்ம தெருவுல யாரும் இப்பல்லாம் வீட்டுல வச்சு செய்யறதில்ல” என்பதற்காக வட்டிக்கு வாங்கிக் காதுகுத்து நடத்துகிறவர், சாயங்காலம் மகனைக் கூப்பிட்டு, “எல்லாரும் வாங்கினா நீயும் அந்த போனை வாங்கணுமா?” என்று கேட்கிறார். பிள்ளைக்கு எந்தப் பயிற்சி வகுப்பு என்பதைப் பிள்ளையின் நாட்டம் முடிவு செய்வதில்லை, அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்ட் முடிவு செய்கிறது. வள்ளுவர் ‘சிற்றினம் சேராமை’ என்று ஓர் அதிகாரம் வைத்திருப்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யக் கொடுக்கிறோம். அது பொருட்பாலில், அரசனுக்குரிய குணங்களைச் சொல்லும் பகுதியில் இருக்கிறது. சேர்க்கை பற்றிய எச்சரிக்கை முதலில் எழுதப்பட்டது ஆட்சி நடத்துகிற பெரிய மனிதருக்கு.

கண்களின் இந்தச் சக்தி கெட்டதற்கு மட்டும் பயன்படுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1989-ல் தருமபுரியில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய பெண்களின் சுய உதவிக் குழுக்கள் ஓடுவது இதே எரிபொருளில்தான். ஜாமீன் இல்லாமல் வங்கி கடன் தருவதற்குக் காரணம், தவணை நாளில் பக்கத்து வீட்டு அக்கா முகத்தைப் பார்க்க முடியாமல் போய்விடக் கூடாதே என்ற நினைப்பு. எத்தனையோ குடும்பங்களை அது தூக்கி நிறுத்தியிருக்கிறது. தவணை கட்ட முடியாத பெண்ணின் வாசலில் போய் உட்காரவும் வைத்திருக்கிறது. ஒரு செட்டில் இரண்டு பேர் நூலகத்துக்குப் போக ஆரம்பித்தால் மூன்றாமவனும் போகிறான்.

அப்படியானால் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது? ‘வேண்டாம் என்று சொல்லப் பழகு’ என்பது உலகம் முழுவதும் செய்து பார்த்த வைத்தியம். லாஸ் ஏஞ்சலஸில் 1983-ல் தொடங்கிய ‘டேர்’ என்ற திட்டத்தில் சீருடைக் காவலர்கள் வகுப்பறைக்கே வந்து அதைச் சொல்லிக்கொடுத்தார்கள். அமெரிக்கா முழுக்கப் பரவியது. பிள்ளைகளின் போதைப் பழக்கத்தில் அதனால் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை என்று பல ஆய்வுகள் கண்டன. எனக்கு அதில் வியப்பில்லை. ‘கூட்டம் உன்னை இழுக்கும், தனியாக நில்’ என்று சொல்லும்போதே, கூட்டம் முழுக்க அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்று நாமே அடித்துச் சொல்லிவிடுகிறோம். நம் பள்ளிகளில் எடுக்கும் போதை எதிர்ப்பு உறுதிமொழியும் காலை வழிபாட்டில் ஆயிரம் குரல் சேர்ந்து சொல்வது. சேர்ந்து சொல்வது சுலபம். கழிவறைக்குப் பின்னால் மூன்று பேர் நிற்கும்போது சொல்ல வேண்டியதுதான் கஷ்டம்.

பிரென்டிஸ் இன்னொருவருடன் சேர்ந்து 1998-ல் வெளியிட்ட ஆய்வு வேறு வழியைக் காட்டுகிறது. புதிதாகச் சேர்ந்த மாணவர்களில் ஒரு பகுதியினரைச் சிறு குழுக்களாக உட்காரவைத்து, ‘உனக்கு இருக்கும் தயக்கம் பக்கத்தில் இருப்பவனுக்கும் இருக்கிறது’ என்ற பழைய முடிவைக் காட்டிப் பேசவிட்டார்கள். இன்னொரு பகுதியினருக்குக் குடியில் பொறுப்பாக நடந்துகொள்வது பற்றிய வழக்கமான கூட்டம். சில மாதங்கள் கழித்துக் கேட்டபோது, முதல் பகுதியினர் மற்றவர்களைவிடக் குறைவாகக் குடித்ததாகச் சொன்னார்கள். அவர்களுக்கு யாரும் வீரம் போதிக்கவில்லை. எண்ணிக்கையைச் சரியாகச் சொன்னார்கள், அவ்வளவே.

கல்லூரி நிர்வாகங்கள் முதலாண்டு மாணவர்களுக்கு நடத்தும் அறிமுக நாளில் காவல் அதிகாரியை மேடையேற்றிச் சட்டப் பிரிவுகளை வாசிக்கவைப்பது வழக்கம். அதோடு ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஒவ்வொரு தடத்துப் பையன்களையும் பத்துப் பத்துப் பேராக உட்காரவைத்து, பெயர் எழுதாத ஒரு துண்டுச் சீட்டில் ‘படிக்கட்டில் தொங்க உனக்கு உண்மையிலேயே பிடிக்குமா?’ என்று எழுதி வாங்கி, அங்கேயே எண்ணிக் காட்டலாம். செலவு ஒரு கட்டுக் காகிதம். பள்ளிகளில் கயிற்றைப் பற்றியும் இதையே கேட்கலாம்.

வீட்டில் அந்தச் சீட்டும் தேவையில்லை. இன்று சாயங்காலம் உங்கள் பிள்ளை ‘எல்லாரும் போறாங்கப்பா’ என்று சொன்னால் சத்தம் போடாதீர்கள். ‘எல்லாரும்னா யார் யாரு? பேர் சொல்லு’ என்று கேட்டு, விரல் விட்டு எண்ணச் சொல்லுங்கள். பெரும்பாலும் மூன்றாவது விரலில் நின்றுவிடும். அந்த மூவரில் ஒருவன் வீட்டுக்குப் போன் போட்டுப் பேசினால், அங்கேயும் உங்கள் பிள்ளையின் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். நாளை நீங்கள் ‘நாலு பேர் என்ன சொல்லுவாங்க’ என்று ஆரம்பிக்கும்போது, அந்த நாலு பேரின் பெயரையும் பிள்ளை கேட்கும்.